குடல் புற்றுநோயும் நாம் தவறவிடும் காலமும்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்பது அறுபது வயதைக் கடந்தோரின் நோய் என்றுதான் எங்கள் தலைமுறை மருத்துவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தப் பாடம் இப்போது திருத்தி எழுதப்பட்டு வருகிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களிடையே இந்நோய் சுமார் முப்பது ஆண்டுகளாகப் பெருகி வருகிறது. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களும் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை 50-இலிருந்து 45-ஆகக் குறைக்கும்படி 2021-இல் அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. உடல் பருமன், பதப்படுத்தப்பட்ட இறைச்சி, உடலுழைப்புக் குறைவு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை எல்லாம் சேர்ந்தும் முழு விடை ஆகவில்லை.

2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இந்தப் புதிருக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு துப்பைக் கொண்டுவந்தது. சான் டியேகோ நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைமையில் ஆய்வாளர்கள், 11 நாடுகளைச் சேர்ந்த 981 நோயாளிகளின் கட்டிகளில் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தனர். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள் 'கோலிபாக்டின்' என்னும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு, குடல் உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் ஏற்படுத்தும் காயத்துக்கென்று ஒரு தனி வடிவம் உண்டு. பூட்டை உடைத்த கருவியை அதன் கீறல் காட்டிக்கொடுப்பதுபோல அது பல ஆண்டுகளுக்குப் பிறகும் காட்டிக்கொடுக்கிறது. நாற்பது வயதுக்கு முன் நோய் கண்டவர்களிடம் இந்தக் கீறல், எழுபதைக் கடந்து நோய் கண்டவர்களிடம் இருந்ததைவிட 3.3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அது பதிந்த காலத்தைக் கணித்தபோது, வாழ்வின் முதல் பத்து ஆண்டுகளை அது சுட்டியது.

முப்பத்தைந்து வயதில் கண்டறியப்படும் ஒரு நோயின் தொடக்கம் ஐந்தாறு வயதில் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதுதான் இதன் பொருள். இது இன்னும் தொடர்புக்கான சான்றுதான், காரணத்துக்கான இறுதி நிரூபணம் ஆகாது. அந்தப் பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு நோயின்றி வாழ்வோர் ஏராளம். ஆயினும், குடல் புற்றுநோய் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு பரவுகிறது என்பது பற்றி நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்துவரும் அறிவோடு இதைச் சேர்த்துப் படிக்கும்போது, நம் நாட்டின் புற்றுநோய்க் கொள்கையைக் குறித்துச் சில கேள்விகள் எழுகின்றன. அரசு மருத்துவமனைகளில் வயிற்று அறுவை மருத்துவனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அக்கேள்விகளை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

முதலில் வளர்ச்சி. குடலின் உள்சுவர் சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் ஓயாமல் நடக்கும் இந்த உயிரணுப் பிரிதலில் அவ்வப்போது பிழைகள் நேர்கின்றன. 1990-இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் இப்பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே புற்று என்று காட்டினர். பெரும்பாலான நோயாளிகளில் முதலில் 'ஏ.பி.சி.' என்னும் காவல் மரபணு பழுதாகிறது; குடல் சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு சதை வளர்ச்சி தோன்றுகிறது. பின்னர் 'கே-ராஸ்' போன்ற மரபணுக்கள் வளர்ச்சியை முடுக்கிவிடுகின்றன. இறுதியில் 'பி53' என்னும் காவலனும் வீழும்போது பாலிப் புற்றாகிறது. எல்லா நோயாளிகளிலும் இதே வரிசை அமைவதில்லை; ஆயினும் இந்தச் சட்டகம் முப்பத்தைந்து ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது.

இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? இதே ஆய்வுக்கூடத்தினர் 2008-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். பெரிய அளவிலான ஒரு தீங்கற்ற பாலிப், முற்றிய புற்றாக மாறுவதற்கு ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், அந்தப் புற்றின் உயிரணுக்கள் வேறு உறுப்புக்குப் பரவும் திறனைப் பெற இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே போதும். நோயின் கதையில் பெரும்பகுதி மிக மெதுவாக நகர்கிறது. கடைசி அத்தியாயம் மட்டும் ஓட்டமாக ஓடுகிறது.

இந்தச் சித்திரத்தை மேலும் கலக்கத்துக்கு உள்ளாக்கியது 2019-இல் வந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு. கிறிஸ்டினா கர்ட்டிஸ் தலைமையிலான குழுவினர், பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்கோ மூளைக்கோ நோய் பரவிய 23 பேரின் கட்டிகளை எடுத்து, முதற்கட்டிக்கும் பரவிய கட்டிக்கும் இடையிலான மரபணு வேறுபாடுகளை ஒப்பிட்டனர். ஆராய முடிந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு, முதற்கட்டி ஒரு மிளகைவிடச் சிறியதாக, எந்தக் கருவியின் கண்ணுக்கும் புலப்படாத அளவில் இருந்தபோதே, பரவலுக்கான விதைகள் கிளம்பிவிட்டிருந்தன. ஆராயப்பட்டவர்கள் அனைவரும் நோய் பரவியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. குடல் புற்று வந்த எல்லோருக்கும் இவ்வாறு நிகழும் என்று இதைப் படிப்பது தவறு. குடலோடு நிற்கும் நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்பதே அமெரிக்கப் பதிவேடுகள் சொல்லும் செய்தி. தொலைவில் பரவிய பின் கண்டறியப்பட்டால் அது சுமார் 15 விழுக்காடாகச் சரிகிறது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 'தொடக்க நிலையிலேயே கண்டுபிடியுங்கள்' என்ற நம் விழிப்புணர்வு வாசகத்தில் 'தொடக்கம்' என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது சிலருக்கு ஏற்கெனவே தாமதமான கட்டம். உண்மையான வாய்ப்பு அதற்கும் முன்பு, புற்றே இல்லாத அந்த நீண்ட பாலிப் காலத்தில் இருக்கிறது. பாலிப்பை அகற்றிவிட்டால் புற்றுக்கு வழியில்லை. அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வில் பாலிப் அகற்றப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தபோது, அவர்களிடையே குடல் புற்றால் ஏற்படும் மரணம் எதிர்பார்க்கப்பட்டதைவிட 53 விழுக்காடு குறைந்திருந்ததை 2012-இல் வெளியான முடிவுகள் காட்டின. மார்பகப் புற்றுக்கோ கணையப் புற்றுக்கோ இவ்வளவு தெளிவான முன்வாசல் கிடையாது.

இனிப் பரவல். ஓரிடத்தில் தோன்றும் புற்று ஏன் குறிப்பிட்ட சில உறுப்புகளையே நாடிச் செல்கிறது என்ற கேள்வியை 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் எழுப்பினார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்த அவர், பரவல் தற்செயலாக நிகழ்வதில்லை என்று கண்டார். செடியின் விதை எல்லாத் திசையிலும் பறந்தாலும் ஏற்ற மண்ணில் மட்டுமே முளைப்பதுபோல, புற்றின் உயிரணுவும் ஏற்ற உறுப்பில் மட்டுமே வேரூன்றும் என்றார். குடல் புற்றுக்கு அந்த மண், பெரும்பாலும் கல்லீரல். குடலின் இரத்தம் நேராக இதயத்துக்குத் திரும்புவதில்லை. 'போர்ட்டல்' சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. குடல் புற்று வந்தவர்களில் நான்கில் ஒருவருக்காவது, காலப்போக்கில் கல்லீரலில் கட்டிகள் தோன்றுகின்றன. ஆறுதலான செய்தியும் இதில் உண்டு: கல்லீரலோடு நின்றுவிட்ட பரவலை அறுவை மூலம் அகற்றி, சிலரை முற்றிலுமாகக் குணப்படுத்த முடிகிறது. பரவிய புற்றுகளில் இவ்வாறு சொல்லத்தக்கவை மிகச் சில.

நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவம் விதையை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தது என்பது என் கணிப்பு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் மண்ணின் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது. திரும்பியதும் அங்கே பாக்டீரியாக்கள் தென்பட்டன. பல் ஈறுகளில் வாழும் 'ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம்' என்னும் கிருமி குடல் புற்றுக் கட்டிகளில் மிகுந்து காணப்படுவதைக் கனடாவிலும் பாஸ்டனிலும் இரு குழுக்கள் 2012-இல் தனித்தனியே கண்டறிந்தன. 2017-இல் இன்னொரு வியப்பு. கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் அதே கிருமி உயிரோடு இருந்தது; புற்றின் உயிரணுக்கள் தம் கூட்டாளியையும் உடன் அழைத்துச் சென்றிருந்தன. அத்தகைய கட்டிகளை எலிகளில் வளர்த்து, 'மெட்ரோனிடசோல்' கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தணிந்தது. நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கு எழுதித் தரப்படும் அதே மாத்திரைதான். 2024-இல் சியாட்டில் ஆய்வாளர்கள் இந்தக் கிருமியின் ஒரு குறிப்பிட்ட கிளை மட்டுமே கட்டிகளில் செழிப்பதையும், இரைப்பையின் அமிலத்தைத் தாங்கிக் கடக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதையும் காட்டினர். ஆராய்ந்த கட்டிகளில் ஏறத்தாழப் பாதியில் அது இருந்தது. இத்தாலியின் மிலான் நகர ஆய்வாளர்கள் 2021-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். குடலின் இரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தடுப்பு சிதையும்போது, பாக்டீரியாக்கள் புற்று உயிரணுக்களுக்கு முன்பே கல்லீரலை அடைந்து, அங்கே நிலத்தைப் பண்படுத்தி வைக்கின்றன என்பது அவர்களது முடிவு.

மண்ணை மாற்ற நம்மால் முடியுமா? முடியும் என்பதற்கான வலுவான சான்று, எதிர்பாராத விதமாக, உடற்பயிற்சியிலிருந்து வந்திருக்கிறது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோதெரபியும் முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்ட, கனடா தலைமையிலான பன்னாட்டு ஆய்வின் முடிவு 2025 ஜூனில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு நலவாழ்வு பற்றிய கையேடுகள் மட்டும் தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குப் பயிற்றுநரின் துணையோடு மூன்று ஆண்டுகள் முறையான உடற்பயிற்சி. ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் முதல் பிரிவில் 73.9 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 80.3 விழுக்காடு. இத்தகைய பலனைத் தரும் ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், அது என்ன விலைக்கு விற்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பாக்டீரியா என்றதும் ஓர் எச்சரிக்கை தேவை. 'குடல் நலம்' என்ற பெயரில் இப்போது ஒரு பெரும் சந்தை உருவாகியிருக்கிறது. மலத்தை அனுப்பினால் நுண்ணுயிர்ப் பட்டியல் தருகிறோம், இந்தப் பொடியைக் குடித்தால் நல்ல பாக்டீரியா பெருகும் என்ற விளம்பரங்கள் கைப்பேசியைத் திறந்தால் வந்து விழுகின்றன. குடல் புற்றைத் தடுக்கும் பொடி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மெட்ரோனிடசோல் ஆய்வு எலிகளில் நடந்தது; அதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கிருமிக்கும் புற்றுக்கும் உள்ள உறவு எவ்வளவு சிக்கலானது என்பதை இரைப்பைப் புற்று ஏற்கெனவே கற்றுத் தந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் 'ஹெலிகோபாக்டர் பைலோரி' கிருமியை வளர்த்தெடுத்தபோது, அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் வாழாது என்றே மருத்துவ உலகம் நம்பியது. மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு நிரூபித்த கதை பலரும் அறிந்தது. 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அக்கிருமியைப் புற்றுக்காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் பரிசோதித்துக் கிருமியை ஒழித்ததில், இரைப்பைப் புற்று 53 விழுக்காடு குறைந்தது. ஜப்பான் 2013-இல், இக்கிருமியால் வரும் நாள்பட்ட இரைப்பை அழற்சிக்கும் அரசுக் காப்பீட்டில் கிருமி ஒழிப்புச் சிகிச்சையைச் சேர்த்தது.

அப்படியானால் இந்தியாவும் அதைச் செய்யலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் இக்கிருமியைச் சுமக்கிறார்கள். ஆனால், இரைப்பைப் புற்று ஜப்பானைவிடவும் கொரியாவைவிடவும் இங்கே மிகக் குறைவு. நாட்டுக்குள்ளேயும் சமமாக இல்லை. மிசோரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கும் 'துய்புர்' என்ற நீரும், புகையூட்டிய இறைச்சியும் அங்கே காரணமாகச் சுட்டப்படுகின்றன. சென்னையில் ஆண்களைத் தாக்கும் முன்னணிப் புற்றுகளில் ஒன்றாக இரைப்பைப் புற்று நெடுங்காலம் இருந்து வந்திருப்பதை, 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் பேணிவரும் பதிவேடு சொல்கிறது. கிருமி ஒன்றே, மண் வேறு. இந்த வேறுபாட்டை ஜப்பானிய ஆய்வும் அமெரிக்க ஆய்வும் நமக்காக விளக்கித் தரப்போவதில்லை. தொடக்கத்தில் குறிப்பிட்ட 11 நாடுகளின் பட்டியலில் தாய்லாந்தும் ஈரானும் இருக்கின்றன, இந்தியா இல்லை. நம் குழந்தைகளின் குடலில் கோலிபாக்டின் சுரக்கும் பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது, நம் இளம் நோயாளிகளின் கட்டிகளில் அந்தக் கீறல் உண்டா என்பதை அறிய, அறுவை அரங்குகளிலிருந்து நாள்தோறும் நோய்க்குறியியல் துறைக்குச் செல்லும் திசுக்களே போதிய மூலப்பொருள். அவற்றை முறையாகச் சேமிக்கவும் படிக்கவும் தேவையான நிதிதான் இல்லை.

கொள்கைக்கு வருகிறேன். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், அவற்றில் 200 மையங்கள் அந்த நிதியாண்டிலேயே வரும் என்றும் அறிவிக்கப்பட்டது. கீமோதெரபிக்காக நோயாளியைத் தலைநகருக்கு அலைக்கழிக்காத எந்தத் திட்டமும் வரவேற்கத்தக்கது. ஆனால், இது பாதையின் கடைசி முனையில் செய்யப்படும் செலவு. முன்முனையில் என்ன இருக்கிறது? தொற்றாநோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் முப்பது வயதைக் கடந்தோருக்கான புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றோடு நிற்கிறது. ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் 2023-இல் தமிழக அரசு தொடங்கிய முன்னோடித் திட்டமும் அந்த மூன்றையே தொட்டது. உணவுப் பாதையின் பெயர் எதிலும் இல்லை.

இதைச் சொல்லும்போது, ஐம்பது வயதைக் கடந்த ஒவ்வோர் இந்தியருக்கும் கொலோனோஸ்கோப்பி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்காது, தேவையும் இல்லை. குடல் புற்றின் விகிதம் இங்கே மேலைநாடுகளைவிட இன்னும் பல மடங்கு குறைவு. வசதி படைத்த நார்வே, போலந்து, ஸ்வீடன் ஆகிய நாடுகளில் 84 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில்கூட, கொலோனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் 42 விழுக்காட்டினரே வந்தனர். பத்து ஆண்டுகளில் நோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு குறைந்தது. மரணத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை என்று 2022-இல் அந்த முடிவு வெளியானது. வந்து செய்துகொண்டவர்களுக்குப் பலன் இதைவிட அதிகமாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும், அழைப்பிதழ் அனுப்பிவிட்டால் மட்டும் நோய் ஒழிந்துவிடாது.

நமக்கு வேண்டியது, நோய்க்குறியோடு வருபவரையாவது தவறவிடாத ஓர் ஒழுங்கு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வுகள், நம் நோயாளிகள் மேலைநாட்டவரைவிட இளையவர்கள் என்றும், மலக்குடலில் நோய் கண்டவர்கள் இங்கே அதிகம் என்றும், முற்றிய நிலையில் வருகிறார்கள் என்றும் காட்டியுள்ளன. மலக்குடல் என்பது ஆசனவாயிலிருந்து சில அங்குலத் தொலைவு. அங்கே உள்ள கட்டிகளில் கணிசமானவற்றை, கையுறை அணிந்த ஒரு மருத்துவரின் விரல் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஆனால், அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. மலத்தில் இரத்தம் கண்ட ஒருவர் நம் ஊரில் முதலில் போவது எங்கே? பேருந்து நிலையங்களின் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் 'மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இன்றி குணமாக்கப்படும்' என்ற பலகைகள் தொங்குகின்றன. கூச்சம் காரணமாக மனைவியிடமோ மகனிடமோ சொல்லாதவர், அந்தப் பலகையிலுள்ள எண்ணை அழைக்கிறார். களிம்பு, லேகியம், ஊசி என்று ஓராண்டு, இரண்டாண்டு கழிகிறது. என் பணிக்காலத்தில் மலக்குடல் புற்றோடு வந்தவர்களில், முன்னதாக மூலத்துக்கு வைத்தியம் பார்க்காமல் வந்தவர்களை எண்ணுவது எளிதாக இருந்தது. அத்தனை சிலர் அவர்கள். போலிகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பட்டம் பெற்ற மருத்துவர்களும் நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்காமலேயே 'பைல்ஸ்' என்று சீட்டில் எழுதித் தந்ததை நான் கண்டிருக்கிறேன். இரத்தம் போவோரில் பெரும்பாலோருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும் என்பது சரி. அது பார்த்த பின் சொல்ல வேண்டிய சொல்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். பெருங்குடலின் வலப்புறத்தில் தோன்றும் புற்று கண்ணுக்குத் தெரியும்படி இரத்தத்தைக் காட்டாது. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசிந்து இரத்தசோகையாக வெளிப்படும். மேலைநாட்டில் மாதவிடாய் நின்ற ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைபாடு கண்டால், குடலைச் சோதிப்பது வழக்கமான நடைமுறை. பாதிப் பெண்களுக்கு இரத்தசோகை உள்ள நம் நாட்டில் அவர் கையில் ஓர் அட்டை இரும்புச்சத்து மாத்திரை தரப்படும். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், இன்னும் ஓர் அட்டை.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 1993-இல் வெளியான அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வில், ஆண்டுதோறும் அச்சோதனையைச் செய்துகொண்ட பிரிவினரிடையே குடல் புற்று மரணம் 33 விழுக்காடு குறைந்தது. அதன் இன்றைய வடிவத்துக்குப் பத்தியமும் வேண்டாம், மயக்க மருந்தும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். நாற்பதைக் கடந்தும் காரணம் தெரியாத இரத்தசோகை தொடர்பவர்கள், குடும்பத்தில் ஒருவருக்கேனும் குடல் புற்று வந்தவர்கள் என்ற இரு பிரிவினருக்கு மட்டும் முதலில் இதைக் கொடுத்து, இரத்தம் தென்படுவோரை மாவட்ட மருத்துவமனையின் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பலாம். ஒரு மாவட்டத்தில் இரண்டு ஆண்டுகள் நடத்திப் பார்த்தாலே, எத்தனை பாலிப்புகள் அகற்றப்பட்டன, எத்தனை புற்றுகள் பரவும் முன் சிக்கின, என்ன செலவானது என்ற கணக்கு கையில் இருக்கும். பகல்நேர மையத்துக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்பதைக்கூட அந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பதற்காகச் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் செல்கிறார்கள். அந்தச் சந்திப்பில், 'மலத்தில் இரத்தம் போகிறதா? எத்தனை நாள்களாக? யாராவது கை வைத்துச் சோதித்தார்களா?' என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். கேட்பவர் பெண்ணாக இருப்பதால் ஆண்கள் சொல்லத் தயங்குவார்கள் என்று சிலர் என்னிடம் வாதிட்டதுண்டு. அப்படியானால் அதை ஒரு சீட்டில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம்.